எண்பத்தெட்டாம் எண்ணின் கனவுகள்

பம்மலில், தோல் பைகள் தைக்கும் பட்டறை ஒன்றின் மாடியில், டாக்டர் ஜெயசீலி ஆராய்ச்சிக்காக ஒன்பது வருடங்களாகக் கனவுகளைச் சேர்த்துவந்தார். கணவனையோ மனைவியையோ இழந்த, அறுபது வயது கடந்தவர்கள் செவ்வாயும் வெள்ளியும் காலையில் அங்கே வருவார்கள். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த வாரம் வந்த கனவைச் சொல்வார்கள். தட்டச்சு செய்யும் டெனிஸ், அவர்கள் பேசுகிறபடியே, ஒரு சொல்லைக்கூடத் திருத்தாமல் கணினியில் அடிப்பார். தலைக்கு மேலே விமானங்கள் தாழ்ந்து போகும்போது மட்டும் எல்லோரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். சத்தம் அடங்கியதும் கனவு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ரோஹிணி அங்கே போனது ஒரு தவறு நடந்த பிறகு. அவளுக்கு நாற்பத்தொரு வயது. தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை உள்ள சின்னச் சின்ன கிளினிக்குகளுக்கும் பள்ளிகளுக்கும் கணினியில் டேட்டாபேஸ் செய்துகொடுப்பது அவள் வேலை. பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத வேலைதான், ஆனால் அவளுக்குப் பிடித்திருந்தது. எங்கே போனாலும் ஒரு மேஜை, ஒரு பழைய கணினி, யாரோ பல வருடங்கள் பொறுமையாகச் சேர்த்த ஏதோ ஒன்று.

"ஒரு மாணவர் ரெண்டு மாசம் இங்க வந்திருந்தார்," என்றார் டாக்டர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பேசும்போது குரல் உயராது. "டெனிஸ் சாப்பிடப் போன நேரத்துல ஃபைலைத் திறந்து படிச்சிருக்கார். அதுல ஒண்ணை வெளியில டீக்கடையில ஜோக் மாதிரி சொல்லிட்டார். அது ஜெயக்கொடின்னு ஒரு அம்மாவோட கனவு. சுத்திச் சுத்தி அவங்க காதுக்கே வந்துடுச்சு. நான் கூடுவாஞ்சேரிக்கு அவங்க வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தாங்க. ஆனா இங்க திரும்ப வரலை."

டெனிஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. "நான் பூட்டிட்டுப் போயிருக்கணும் மேடம்."

"பூட்டே இல்லையே சார், எதைப் பூட்டுவீங்க?" என்றாள் ரோஹிணி.

அவள் ஃபைலைத் திறந்து பார்த்தாள். எந்தக் கேள்வியும் இல்லாமல் உடனே திறந்துகொண்டது. பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும்தான். யார் எந்த எண் என்பது டாக்டரின் அலமாரியில் ஒரு நோட்டில் இருந்தது. ஆனால் கனவுகள் எல்லாம், இரண்டாயிரத்து முந்நூறுக்கு மேல், அப்படியே கிடந்தன. யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம், மாற்றலாம், அழிக்கவும் செய்யலாம்.

என்ன செய்யப்போகிறாள் என்று விளக்கினாள். ஃபைலைத் திறந்ததும் தானாக ஓடுகிற மேக்ரோ என்ற சின்ன நிரல் ஒன்று வைப்பாள். அது முதலில் யார் என்று கேட்கும். டெனிஸ் என்றால் புதிய கனவை அடிக்கலாம். சேமித்த பிறகு பழையதை அவரால் பார்க்க முடியாது. மாணவர்கள் என்றால் எண்ணிக்கை மட்டும் தெரியும்: தண்ணீர் வந்த கனவுகள் எத்தனை, ரயில் வந்தவை எத்தனை, இறந்தவர் பேசியவை எத்தனை, பேசாதவை எத்தனை. முழுதாகப் படிக்க டாக்டர் ஒருவரால்தான் முடியும்.

"அவ்வளவுதானா?" என்றார் டாக்டர்.

"இல்லை. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கிட்டே திறந்தா மேக்ரோ ஓடாது. விஷயம் தெரிஞ்சவங்க அப்படித்தான் உள்ளே போவாங்க. அந்த வழியையும் அடைக்கணும். அதோட கனவுகளைத் தனி ஃபைல்ல போட்டு, அதுக்கு வேற பாஸ்வேர்டு."

"நீங்க படிப்பீங்களா?"

நேரடியான கேள்வி. ரோஹிணிக்கு அது பிடித்தது. "மாட்டேன். நானே நாலஞ்சு பொய்க் கனவு எழுதி, ஒரு நகல்ல வச்சு வேலை பார்ப்பேன்." ஒரு தாளில் அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

அது மார்கழி மாதம். காலையில் இரும்புலியூர் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஜிஎஸ்டி சாலையே பனியில் பாதி காணாமல் போயிருக்கும். பேருந்துகள் விளக்கெரிய மிதந்து வந்து, நின்று, மறுபடி வெள்ளைக்குள் போய்விடும். வீட்டில் அப்பாவும் அவளும் மட்டும். அம்மா அபிதகுஜாம்பாள் இறந்து மூன்று வருடமாகிறது. அப்பா தோத்தாத்ரி டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவும் அங்கேதான், வெளியூர் அழைப்புகளுக்கு வயர் சொருகி லைன் கொடுக்கும் டிரங்க் போர்டில் ஆபரேட்டர். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலைக் கேட்டுக் கட்டிக்கொண்ட கல்யாணம் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அம்மா போன பிறகு அப்பா தேவைக்கு மட்டும்தான் பேசினார். பால் வந்தாச்சு. கேஸ் தீரப்போறது. லைப்ரரிக்குப் போயிட்டு வரேன். அம்மாவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ரோஹிணியும் கேட்கவில்லை, கேட்டால் அவர் உடைந்துவிடுவார் என்று பயந்தாள்.

வேலை தொடங்கிய இரண்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை மதியம், பட்டறையில் கரண்ட் போய்த் தையல் மெஷின்கள் ஒரே நொடியில் நின்றன. கணினியும் அணைந்தது. திரும்ப வந்ததும் ரோஹிணி அவசரமாக எல்லாவற்றையும் மறுபடி இணைத்தாள். மாணவரின் பெயரில் உள்ளே போய், கனவு எழுதியிருக்கும் கட்டம் மறைந்திருக்கிறதா என்று பார்த்தாள். மறையவில்லை. சரி, திரையில் வரும் ஃபார்மில் ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டே, இருந்தபோது, கட்டத்தில் இருந்த வரிகளின் மேல் கண் தன்பாட்டுக்கு ஓடியது.

*ஏரிக்கு நடுவுல போர்டு போட்டு உக்காந்திருக்கா. ஈரம் ஒண்ணும் இல்லை. காதுல ஹெட்செட். வயரையெல்லாம் ஒண்ணொண்ணா தண்ணிக்குள்ள சொருகறா. எங்கேயோ மணி அடிக்கறது. கையில சாதக் கரண்டி. அதை வச்சுண்டு என்னைப் பாத்து நம்பர் ப்ளீஸ்ங்கறா. எனக்கு நம்பர் ஞாபகம் வரலை. பின்னாடி ஜனங்க வரிசையா நிக்கறா. அவாளுக்கெல்லாம் லைன் குடுத்துட்டா. என்னை மட்டும் வெயிட் பண்ணுங்கோ சார்னுட்டா.*

இது அவள் எழுதிய பொய்க் கனவு இல்லை. நகலை இணைப்பதற்குப் பதிலாக அசலை இணைத்திருந்தாள்.

உடனே மூடியிருக்க வேண்டும். கை மவுஸில் இருந்தது. ஆனால் அந்தக் கரண்டி அவளுக்குத் தெரிந்த கரண்டி. சாப்பாடு போடும்போது அம்மா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆபரேட்டர் குரலில், "நம்பர் ப்ளீஸ்" என்பாள். இன்னும் எத்தனை கரண்டி என்று அர்த்தம். சின்ன வயதில் ரோஹிணி விழுந்து விழுந்து சிரிப்பாள். இது வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்க முடியாது.

பதிவின் மேலே எண் இருந்தது: 88.

கீழே பட்டறையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக மறுபடி ஓடத் தொடங்கின. டாக்டர் உள்ளறையில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ரோஹிணி 88 என்று அடித்துத் தேடினாள். முப்பத்தொரு கனவுகள் வந்தன. எல்லாம் செவ்வாய், வெள்ளி. அப்பா லைப்ரரிக்குப் போகும் நாட்கள்.

இன்னும் மூன்றைப் படித்தாள். ஒன்றில் தாம்பரம் ஸ்டேஷனின் பிளாட்பாரம் முழுக்க அம்மாவின் ஒரே புடவை, முடிவே இல்லாமல், உலர்த்தப்பட்டிருந்தது. ரயில்கள் அதன் அடியில் குனிந்து போயின. இன்னொன்று இரண்டே வரி: *முதுகு மட்டும் தெரியறது. கூப்பிட்டா திரும்புவாளோன்னு பயமா இருக்கு, கூப்பிடலை.* கடைசியாகப் படித்தது இப்படி இருந்தது.

*இது கனவா நடந்ததான்னு தெரியலை டாக்டர். ஆஸ்பத்திரி பெட். காலம்பற பத்து மணி. ரோணிக்கு ஒரு லைன் போடுங்கோங்கறா. அவ வேலையா இருப்பா, மத்தியானம் வந்துடுவான்னு நான் சொல்றேன். கனவுல திரும்பத் திரும்பக் கேக்கறா. நெஜத்துல ஒரே ஒரு தடவைதான் கேட்டா. நான் போடலை. பதினோரு மணிக்குப் போயிட்டா. ஆயுசு பூரா ஊருக்கெல்லாம் லைன் குடுத்தவ. ரோணிகிட்ட நான் இதைச் சொல்லலை. எப்படிச் சொல்வேன்?*

ரோணி என்று அவளை வீட்டில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். ரோஹிணி ஃபைலை மூடினாள். திரையில் மேக்ரோ வைத்த சின்னப் பெட்டி மட்டும் இருந்தது. பெயர் என்ன என்று அது கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் எப்போது ஏறினாள், எந்த வழியாகப் போனாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. சாலையின் வெளிச்சங்கள் கண்ணாடியில் நீண்டு, கரைந்து, பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாழ்ந்து ஏறும் வயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவற்றில் யாருடைய குரலோ ஓடிக்கொண்டிருப்பது போலவும், காதை வைத்தால் கேட்கும் போலவும் இருந்தது.

"இன்னாக்கா, எறங்கலியா?" என்றார் டிரைவர். "தாம்பரம் வந்து எவ்ளோ நேரம் ஆவுது. வண்டி திரும்பிப் போவணும்க்கா."

வீட்டில் அப்பா ரசம் வைத்திருந்தார். அவள் தட்டில் சாதம் போட்டார். "போறுமா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். கழுத்து நரம்பு தெரிய, பனியனோடு, அவர் குனிந்து பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளை வெள்ளிக்கிழமை. இந்த மனிதர் நாளைக் காலையில் இரண்டு வண்டி மாறி, பம்மல் வரை போய், வேற்று மனிதர் ஒருவரிடம் அம்மாவைப் பற்றிச் சொல்லப்போகிறார்.

வெள்ளிக்கிழமை அவள் வேண்டுமென்றே மதியத்துக்கு மேல் பம்மலுக்குப் போனாள். நேராக டாக்டர் முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

"முதல்ல பார்த்தது தப்பா நடந்தது. அடுத்த மூணும் நானா படிச்சது. 88 எங்க அப்பா."

ஜெயசீலி அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து 88-ஐத் தேடிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, பட்டறை மொட்டைமாடியில், சாயம் போட்ட தோல்கள் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"அவர் ஊரை மறைக்கலை, இரும்புலியூர்னுதான் இதுல இருக்கு. ஆனா நீங்க அவர் பொண்ணுன்னு எனக்குத் தோணவே இல்லை பாருங்க," என்றார் கடைசியில். "ரோஹிணி, யாரோட கனவையாவது வேற ஒருத்தர் பார்த்துட்டா, அதை அவங்களுக்குச் சொல்லியாகணும். ஜெயக்கொடி அம்மா விஷயத்துக்கு அப்புறம் நான் வச்சிருக்கிற விதி அது. நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே சொல்றேன்."

"சொல்ற வரைக்கும் நான் காத்திருக்கேன். செவ்வாய்க்கிழமைக்குள்ள."

"வேலையை வேற யார்கிட்டயாவது கொடுக்கறீங்களா டாக்டர்?"

"நீங்களே முடிங்க. ஆனா உங்களையும் வெளியில நிறுத்தற மாதிரி முடிங்க."

அப்படியே முடித்தாள். கனவுகள் இருந்த தனி ஃபைலுக்கு டாக்டரே பாஸ்வேர்டு வைத்தார். அவர் இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து முடிக்கும்வரை ரோஹிணி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அந்தப் பாஸ்வேர்டு கணினியில் எங்கேயும் சேமிக்கப்படாது. ஒவ்வொரு முறையும் டாக்டர் கையால் அடிக்க வேண்டும். ஷிஃப்ட் கீ வழியையும் அடைத்தாள். யார், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார்கள் என்று தானாக எழுதிக்கொள்ளும் ஒரு பட்டியலை மேக்ரோவில் சேர்த்தாள். அது இன்னும் காலியாக இருந்தது. முதல் வரியை அவளே கையால் நிரப்பினாள்: ரோஹிணி, வியாழக்கிழமை, எண் 88, நான்கு பதிவுகள்.

டெனிஸ் அதைப் பார்த்துவிட்டு, "இதை யாரும் கேக்கலையே மேடம்," என்றார்.

"இருக்கட்டும் சார்."

சனி போயிற்று. ஞாயிறும் போயிற்று. செவ்வாய்க்கிழமை காலை, அப்பா கிளம்பிப் போன அரை மணி நேரத்தில் அவளும் கிளம்பினாள். பட்டறைக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். பனி அன்று விலகவே இல்லை. மாடிப்படியில் முதலில் செருப்புகள் தெரிந்தன, பிறகு வேட்டி, பிறகு அப்பா. சாலையைக் கடந்து வந்தவர் அவளைப் பார்த்ததும் நின்றார். வழி தெரியாமல் நிற்பவர் போல ஒரு கணம் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"இங்க என்னம்மா பண்றே?"

"உக்காருப்பா. ஒண்ணு சொல்லணும்."

எல்லாவற்றையும் சொன்னாள். தன் வேலை என்ன, கரண்ட் போனது, எந்த நான்கு என்பது வரை. அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். முடித்தபோது இரண்டு பேருந்துகள் வந்து போயிருந்தன.

"அது உனக்குச் சொன்னதில்லை," என்றார் அப்பா.

"தெரியும்."

"முகம் தெரியாதவான்னுதானே அங்க போய்ச் சொன்னேன்."

எழுந்து, வந்த பேருந்தில் ஏறிக்கொண்டார். அவள் அடுத்த பேருந்தில் போனாள்.

அதற்குப் பிறகு ஐந்து நாட்கள் அவர் அவளோடு பேசவில்லை. பால், கேஸ் பேச்சுகூட நின்றுபோயிற்று. வெள்ளிக்கிழமை அவர் எங்கும் கிளம்பவில்லை. கூடத்தில் பேப்பரை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மாலை ரோஹிணி பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் தனியாக நடந்தாள். தண்ணீர் ஆடாமல் கிடந்தது. நாரைகள் அங்கங்கே, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருட்கள் போல நின்றன. நடுவில் ஒருத்தி உட்கார்ந்து வயர்களைச் சொருகிக்கொண்டிருப்பதை அவளால் தெளிவாகப் பார்க்க முடிந்தது. அது அப்பாவின் கனவு, அவளுடையது அல்ல. ஆனாலும் இனிமேல் அவளுக்குள்ளும் இருக்கும். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்தான் ஆரம்பித்தார். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, சமையலறை வாசலில் நின்றார்.

"அன்னிக்கு நான் உனக்குப் போன் பண்ணியிருக்கணும்."

ரோஹிணி அடுப்பை அணைத்தாள். "அப்பா, அன்னிக்கு நான் கூடுவாஞ்சேரியில ஒரு ஸ்கூல்ல டீச்சர்களுக்குக் கிளாஸ் எடுத்துண்டிருந்தேன். போன் பைக்குள்ள. சத்தம் போடாம வச்சிருந்தேன்."

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"அம்மா போனப்புறம் பதினொண்ணேகாலுக்கு நீ மூணு தடவை கூப்ட்டே. எடுத்தேனா?"

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மெல்ல மாறியது. அந்தக் காலைப்பொழுதுக்குள் அவர் மனதால் எவ்வளவோ முறை போய் வந்திருந்தார், ஆனால் பதினோரு மணியோடு நின்றுவிடுவார். அதற்கு மேல் ஒரு அடிகூடப் போனதில்லை.

"எடுக்கலை," என்றார். "ஆமா, எடுக்கவே இல்லை. அப்புறம் நீயா கூப்ட்டே."

"பதினொண்ணே முக்காலுக்கு. பத்து மணிக்கு நீ லைன் போட்டிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும். மணி அடிச்சிருக்கும். நான் எடுத்திருக்க மாட்டேன். நீ போடலைன்னு நீ நினைச்சிண்டிருந்தே. நான் பையிலேர்ந்து போனை எடுக்கலையேன்னு மூணு வருஷமா நான் நினைச்சிண்டிருக்கேன். நானும் உங்கிட்ட சொல்லலை."

அப்பா டம்ளரை மேடைமேல் வைத்தார். அழுவார் என்று அவள் நினைத்தாள். அவர் அழவில்லை. அவள் தலையில் கையை வைத்து, வெகுநேரம் அப்படியே நின்றார். வெளியே எங்கோ மின்சார ரயில் ஒன்றின் சத்தம் போய்த் தேய்ந்தது.

"அம்மா என்ன சொல்லணும்னு கூப்பிடச் சொன்னா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. கேக்கலை. கனவுலயும் அதைச் சொல்ல மாட்டேங்கறா."

அடுத்த செவ்வாய் அவர் மறுபடி பம்மலுக்குப் போனார். அன்று மதியம் டாக்டர் ரோஹிணியைப் போனில் அழைத்தார்.

"உங்க அப்பா ஒண்ணு கேக்கறார். அவரோட கனவுகளை மட்டும் நீங்க படிக்கற மாதிரி உங்களுக்கு ஒரு அனுமதி வேணுமாம். எழுதிக் கையெழுத்தே போட்டுட்டார். அப்படி ஒருத்தருக்கு மட்டும் கொடுக்க முடியுமா?"

முடியும். பெயர்ப் பட்டியலில் ஒரு வரி, ஃபார்மில் ஒரு நிபந்தனை, டாக்டர் ஒருமுறை பாஸ்வேர்டு அடித்தால் போதும். அரை மணி நேர வேலை. ரோஹிணி கைபேசியைக் காதில் வைத்தபடி நின்றாள். அன்று பார்த்ததில் மிச்சம் இருபத்தேழு கனவுகள், அதற்குப் பிறகு அவர் சொன்னவை வேறு. அவற்றில் அம்மா எங்கெங்கே நடக்கிறாளோ, என்னென்ன கட்டிக்கொண்டிருக்கிறாளோ.

"முடியும் டாக்டர். ஆனா வேண்டாம்."

"அவருக்கு என்ன சொல்லட்டும்?"

"நான் சொல்லிக்கறேன்."

சாயங்காலம் அப்பா வந்ததும் அவரிடம் சொன்னாள். "நான் படிக்கலைப்பா. உனக்கு எப்போ தோணறதோ, அப்போ நீயே சொல்லு. தோணலைன்னா வேண்டாம்."

அவர் கை கால் கழுவப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை, அவள் ஊரப்பாக்கத்தில் ஒரு பல் கிளினிக்குக்குப் போக அவசரமாகப் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து குரல் வந்தது.

"ரோணி, இன்னிக்கு விடிகாலை ஒண்ணு வந்தது. அம்மா அதுல இல்லை. நான் மட்டும்தான். ஒரு பெரிய மார்க்கெட். கீரைக்கட்டெல்லாம் ஆள் உசரத்துக்கு நிக்கறது..."

அவள் பையைக் கீழே வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த பிரம்பு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன கீரைப்பா?" என்று கேட்டாள்.

"அதான் வேடிக்கை," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே சிரித்துக்கொண்டு. "விக்கறவளுக்கே தெரியலை."